மருத்துவ இயக்குநர் பொறுப்பை ஏற்கும் மருத்துவருக்கு: தகுதி, அதிகாரம், கடமை

கோவை, மதுரை, திருச்சி, சேலம் போன்ற நகரங்களில் ஒரு மருத்துவர் முப்பது படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை நூறு, இருநூறு படுக்கைகளாக வளரும்போது, அதுவரை அவரே பார்த்து வந்த மருத்துவ நிர்வாகத்தை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டிய கட்டம் வந்துவிடுகிறது. அப்போது பெரும்பாலும் அழைக்கப்படுபவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பேராசிரியராகவோ, அதே மருத்துவமனையில் நெடுநாள் பணியாற்றிய மயக்கவியல் அல்லது பொது மருத்துவ நிபுணராகவோ இருப்பார். தம் துறையை நன்கு அறிந்த அவருக்கும், இயக்குநர் அறையில் உட்கார்ந்த பிறகு எதற்கெல்லாம் தாம் பொறுப்பு, எதையெல்லாம் தடுக்கும் அதிகாரம் தமக்கு உண்டு என்பது தெளிவாக இருப்பதில்லை. அத்தகைய அழைப்பைப் பெற்றிருக்கும் மருத்துவருக்காக இது எழுதப்படுகிறது. அவரை நியமிக்க நினைக்கும் நிர்வாகத்தினரும் படிக்கலாம். இங்கே சொல்லப்படுபவை தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளை மனத்தில் கொண்டவை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதல்வர், மருத்துவக் கண்காணிப்பாளர், நிலைய மருத்துவ அலுவலர் என்ற அடுக்கு தெளிவானது. யார் யாருக்குக் கீழ், எந்தக் கோப்பில் யார் கையெழுத்து என்பது அரசாணைகளால் வரையறுக்கப்பட்டது. தனியார் துறையில் அந்தத் தெளிவு கிடையாது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி போன்ற பழைய நிறுவனங்களில் இயக்குநரும் மருத்துவக் கண்காணிப்பாளரும் தனித்தனிப் பொறுப்பாளர்கள். நடுத்தர மருத்துவமனைகளிலோ ஒருவரே இரண்டையும் பார்ப்பார். மேலே நிர்வாக இயக்குநரும் பக்கத்தில் தலைமைச் செயல் அலுவலரும் இருப்பார்கள். வாங்குவது, விற்பது, கட்டணம், கட்டடம் ஆகியவை அவர்களுடைய வேலை. மருத்துவ இயக்குநரின் வேலை, இந்த மருத்துவமனைக்குள் எந்த மருத்துவர் எந்தச் சிகிச்சையைச் செய்யலாம் என்று முடிவு செய்வதும், அது செய்யப்பட்ட விதத்துக்குப் பதில் சொல்வதும் ஆகும். மற்ற கடமைகள் அனைத்தும் இதிலிருந்து கிளைப்பவை.

தகுதி

முதல் தகுதியில் பேச்சுக்கு இடமில்லை. எம்.பி.பி.எஸ். பட்டமும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் நடப்பிலுள்ள பதிவும் வேண்டும். அதற்கு மேல் ஒரு மருத்துவத் துறையில் எம்.டி., எம்.எஸ். அல்லது டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் மேற்படிப்பு) இருப்பது வழக்கம்; மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளர் பதவிக்குப் பட்ட மேற்படிப்பும் நீண்ட நிர்வாக அனுபவமும் விதிப்படியே தேவை. கல்லூரி சாராத தனியார் மருத்துவமனைக்கு அவ்வளவு இறுக்கமான விதி இல்லாவிட்டாலும், மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று வழங்கும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எச்.-இன் அங்கீகாரம் பெற விரும்பும் மருத்துவமனை, தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு உரிய கல்வியும் அனுபவமும் இருப்பதைக் காட்டியாக வேண்டும்.

மருத்துவமனை நிர்வாகத்தையே சிறப்புத் துறையாகப் படித்தவர்களும் உண்டு. புதுதில்லி எய்ம்ஸிலும் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியிலும் மருத்துவமனை நிர்வாகத்தில் எம்.டி. படிப்பு இருக்கிறது, தேசியத் தேர்வு வாரியம் அதே துறையில் டி.என்.பி. வழங்குகிறது. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் முதுநிலைப் படிப்பு மருத்துவர் அல்லாதவர்களுக்கும் உரியது. பணியில் இருந்துகொண்டே படிக்க விரும்பும் மருத்துவர்களில் பலர் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை மற்றும் நலவாழ்வு மேலாண்மைப் பட்டயத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். இவற்றுள் ஒன்றைப் படித்திருப்பது நல்லது. இல்லையென்றால் பொறுப்பேற்ற பின் முதல் ஆண்டிலாவது தொடங்கிவிடுவது நல்லது. ஆயினும் பட்டயத்தை மட்டும் நம்பி ஒருவரை நியமிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரவு இரண்டு மணிக்கு ஒரு மூத்த அறுவை மருத்துவரிடம், 'இந்த நோயாளியை இப்போது அறுவை அரங்குக்குக் கொண்டுபோக வேண்டாம்' என்று சொல்லவும், அதை அவர் ஏற்கவும் வேண்டுமானால், சொல்பவர் நோயாளியின் படுக்கையருகே நின்று பழகியவராக இருக்க வேண்டும். குறைந்தது பத்துப் பன்னிரண்டு ஆண்டு மருத்துவ அனுபவமும், அதில் சில ஆண்டுகள் துறைத் தலைமையோ தீவிர சிகிச்சைப் பிரிவுப் பொறுப்போ இருந்தவர் இதற்குப் பொருத்தமானவர்.

மயக்கவியல் நிபுணர்கள் இந்தப் பதவியில் நன்றாகப் பொருந்துவதைக் கண்டிருக்கிறேன். எல்லா அறுவை மருத்துவர்களின் கைத்திறனையும் அருகிருந்து பார்த்தவர்கள் அவர்கள். எவர் அவசரத்தில் நிதானம் இழப்பார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். மாறாக, மருத்துவமனைக்கு மிகுதியான வருவாய் ஈட்டித்தரும் அறுவை மருத்துவரையே இயக்குநராக்குவது ஒரு பழக்கமாக இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் அரங்கில் நிற்பவருக்கு மற்றவர்களின் கோப்புகளைப் பார்க்க நேரம் ஏது? அவருடைய அறுவைகளை மதிப்பிடுபவர் யார்?

நியமனக் கடிதத்தில் இருக்க வேண்டியவை

பேச்சு வார்த்தையில் சம்பளம் முதலில் வரும். அதற்கு முன் அதிகாரம் பேசப்பட வேண்டும், பேசியது எழுத்தில் வர வேண்டும். ஒரு மருத்துவருடைய செயல் அனுமதியை (இன்னின்ன சிகிச்சைகளை இங்கே செய்யலாம் என்ற அனுமதியை) உடனடியாக நிறுத்தி வைக்கும் அதிகாரம் இயக்குநருக்கு உண்டா, அல்லது அது நிர்வாகக் குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டுமா என்பதை முதலில் கேளுங்கள். தொற்று பரவுகிறது என்றால் அறுவை அரங்கை மூடும் உரிமை யாருக்கு? செயற்கைச் சுவாசக் கருவியும் செவிலியரும் போதாத நிலையில் புதிய நோயாளிகளைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு? இந்த மூன்று கேள்விகளுக்கும் 'இயக்குநருக்கு' என்ற விடை கடிதத்தில் இல்லையென்றால், கொடுக்கப்படுவது பொறுப்பு மட்டும்தான்.

செவிலியர் கண்காணிப்பாளர், மருந்தகப் பொறுப்பாளர், தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர், மருத்துவப் பதிவேட்டுத் துறை, தர மேம்பாட்டு அலுவலர் ஆகியோர் யாரிடம் அறிக்கை தருவார்கள் என்பதும் குறிக்கப்பட வேண்டும். செவிலியர் எண்ணிக்கையைத் தலைமைச் செயல் அலுவலர் தீர்மானித்து, செவிலியர் பற்றாக்குறையால் வரும் படுக்கைப் புண்ணுக்கு மருத்துவ இயக்குநர் பதில் சொல்லும் ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டுவிட்டு ஆறு மாதம் கழித்து மாற்ற முயல்வது கடினம்.

ஊதியத்தின் ஒரு பகுதி படுக்கை நிரம்பும் விகிதத்தோடோ ஆய்வக, ஸ்கேன் வருவாயோடோ இணைக்கப்பட்டிருந்தால் அதை மறுத்துவிடுங்கள். தேவையற்ற சிகிச்சையைத் தடுக்க வேண்டியவருக்கு அந்தச் சிகிச்சையிலிருந்தே பங்கு வருவது பொருந்தாது. நோயாளிகளை அனுப்பிவைக்கும் வெளி மருத்துவர்களுக்குக் கமிஷன் தருவதும் அப்படியே. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை ஒழுங்குமுறைகள் அதைத் தெளிவாகத் தடை செய்திருந்தும் அது நடக்கிறது என்பதை இத்துறையில் யாரும் மறுக்க மாட்டார்கள். சேரவிருக்கும் மருத்துவமனையில் அந்த வழக்கம் உண்டா என்று நேராகக் கேட்டு, விடை மழுப்பலாக வந்தால் அதையே விடையாகக் கொள்ளலாம்.

வேறொரு வகை அழைப்பும் வரும். மாதத்துக்கு நான்கு நாள் வந்து போனால் போதும், உரிமங்களில் பெயரும் கையெழுத்தும் இருந்தால் போதும் என்பார்கள். ஓய்வு பெற்ற மருத்துவர்கள் சிலர் இதை மதிப்பூதியம் என்று எண்ணி ஏற்றுக்கொள்கிறார்கள். அடுத்த பகுதியைப் படித்த பிறகு அவர்கள் முடிவு செய்வது நல்லது.

சட்டத்தின் பார்வையில் 'பொறுப்பில் இருப்பவர்'

மருத்துவமனையைத் தொடும் சட்டங்கள் பலவற்றில் பொறுப்பாளர் ஒருவர் குறிக்கப்படுகிறார். பதவியின் பெயர் எதுவாயினும், விசாரணை என்று வரும்போது அந்த இடத்தில் மருத்துவ இயக்குநரை நிறுத்துவது எளிது.

பாலியல் வன்முறைக்கும் அமில வீச்சுக்கும் உள்ளானவர்களுக்கு அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவமனைகளும் உடனடியாக இலவசமாக முதலுதவியோ சிகிச்சையோ அளித்து, காவல் துறைக்குத் தகவல் தர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆம் பிரிவு சொல்கிறது. தவறினால், மருத்துவமனையின் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை என்று தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 200-ஆம் பிரிவு கூறுகிறது. போக்சோ சட்டத்தின்படி குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பாளர், தமக்குக் கீழ் இருப்பவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறினால் ஓராண்டு வரை. பதினேழு வயதுப் பெண் கருவுற்ற நிலையில் வெளிநோயாளர் பிரிவுக்கு வருவது நம் ஊர்களில் அரிதல்ல; பெற்றோர் 'வெளியே தெரிய வேண்டாம்' என்று மன்றாடுவதும் அரிதல்ல. அந்த நேரத்தில் பணியிலிருக்கும் இளம் மருத்துவர் தனியாக முடிவெடுக்கும் நிலை வரக் கூடாது. யாரைக் கூப்பிட வேண்டும், எந்தப் படிவத்தில் எழுத வேண்டும், நோயாளியின் அந்தரங்கத்தை எப்படிக் காக்க வேண்டும் என்பதை இயக்குநர் முன்கூட்டியே எழுதி, அவசரப் பிரிவிலும் மகப்பேற்றுப் பிரிவிலும் வைத்திருக்க வேண்டும்.

விபத்து, தாக்குதல், விஷம், தீக்காயம் என்று வருபவர்களுக்கு விபத்துப் பதிவேட்டில் குறிப்பு எழுதுவது அடுத்தது. காவல் துறையினரின் வருகைக்கோ முன்பணத்துக்கோ காத்திராமல் முதலில் உயிரைக் காக்க வேண்டும் என்பது 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த கடமை. காயத்தின் அளவு, இடம், நோயாளியோ உடன் வந்தவரோ சொன்ன வாசகம் ஆகியவை அந்தப் பதிவேட்டில் இருந்துதான் நீதிமன்றத்துக்குப் போகின்றன. மாதம் ஒரு முறை இயக்குநர் அப்பதிவேட்டை எடுத்துப் பத்துப் பதிவுகளைப் படித்தால், தம் பணி மருத்துவர்களின் தரம் முழுவதும் அதில் தெரியும்.

மூளைச்சாவை உறுதி செய்வதில் இயக்குநரின் இடத்தைச் சட்டமே குறிப்பிட்டிருக்கிறது. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு மூளைச்சாவைச் சான்றளிக்க வேண்டும். அவர்களில் முதலாமவர் அந்த மருத்துவமனையின் பொறுப்பிலுள்ள பதிவு பெற்ற மருத்துவர். மற்ற மூவரில் இருவர் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலிருந்து வருவர், அவர்களுள் ஒருவர் நரம்பியல் துறையைச் சேர்ந்தவர். இன்னொருவர் சிகிச்சை அளிக்கும் மருத்துவர். பரிசோதனைகள் இரு முறை செய்யப்பட வேண்டும், பெரியவர்களுக்கு இடையில் குறைந்தது 6 மணி நேரம் கழிய வேண்டும். இறந்தவர் உறுப்புக்கொடையில் நாட்டுக்கு முன்னோடியாக விளங்கும் தமிழ்நாட்டில், விபத்துச் சிகிச்சை அளிக்கும் எந்த மருத்துவமனையின் இயக்குநரும் இந்த நடைமுறையை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். தாம் மாற்று அறுவைக் குழுவில் பங்கேற்பவராக இருந்தால், பொறுப்பாளர் என்ற நிலையில் கையெழுத்திட வேறொருவரை முன்பே முறைப்படி நியமித்துவிடுவதே முறை.

மற்றவற்றை ஒரு நாட்காட்டியில் ஏற்றிவிடலாம். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இல் வந்தது, அதன் விதிகள் 2018-இல் வந்தன. பதிவும் புதுப்பித்தலும் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் நடைபெறும். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் கருவுற்றவர்களின் ஸ்கேன் விவரங்களை எழுதும் 'எஃப்' படிவங்களும் மாத அறிக்கையும் அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் போக வேண்டும். ஒரு படிவம் அரைகுறையாக இருந்தாலே ஸ்கேன் அறைக்கு முத்திரை விழக்கூடும். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி, மஞ்சள் பையில் சேரும் உடல்திசுக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆண்டறிக்கை ஜூன் 30-க்குள் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் செல்ல வேண்டும். கழிவைக் கையாளும் பணியாளர்களுக்கு மஞ்சள் காமாலை 'பி' வகைத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். மார்ஃபின், ஃபென்டனில் போன்ற போதை வகை வலிநீக்கிகளின் இருப்புக் கணக்கு, கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலரின் நியமனம், 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டத்தின் பதிவேடு, மின்தூக்கி, தீயணைப்புத் தடையின்மைச் சான்று ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பொறுப்பாளரையும் முடிவுத் தேதியையும் குறித்து வைக்க வேண்டும். தீ பற்றி மட்டும் இன்னொரு வரி: 2011 டிசம்பரில் கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையின் அடித்தளத்தில் பிடித்த தீயின் புகையே மாடியில் படுத்திருந்த நோயாளிகளைக் கொன்றது. அதன் பின் இயக்குநர் குழுவினர் கைது செய்யப்பட்டனர். கட்டடம் என் பொறுப்பில்லை என்று எண்ணும் மருத்துவ இயக்குநர், ஒரு முறை அடித்தளத்துக்கு இறங்கி அங்கே என்ன அடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து வரட்டும்.

யார் எதைச் செய்யலாம்

என்.ஏ.பி.எச். தரநிலைகள் மனிதவள அத்தியாயத்தில் இரண்டு வேலைகளைக் கேட்கின்றன. ஒரு மருத்துவர் சொல்லும் படிப்பும் பதிவும் அனுபவமும் உண்மையா என்று சரிபார்ப்பது ஒன்று. அந்தத் தகுதிக்கு இந்த மருத்துவமனையில் எந்தெந்தச் சிகிச்சைகளைச் செய்ய அவருக்கு அனுமதி என்று தீர்மானிப்பது மற்றொன்று. நம் மருத்துவமனைகளில் முதல் வேலை சான்றிதழ் நகலைக் கோப்பில் வைப்பதோடு முடிகிறது; இரண்டாவது பெரும்பாலும் நடப்பதே இல்லை. இயக்குநர் தம் நேரத்தில் பெரும்பகுதியைச் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

சரிபார்ப்பு என்றால் பதிவு எண்ணை மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டிலேயே தேடிப் பார்ப்பது. பட்ட மேற்படிப்பும் மேல்நிலைச் சிறப்புப் படிப்பும் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்யப்பட்டிருக்கின்றனவா, வேறு மாநிலப் பதிவோடு வந்தவர் தமிழ்நாட்டில் பதிவு பெற்றாரா, பதிவின் காலம் முடிந்துவிட்டதா என்பதைப் பார்க்க வேண்டும். இரவுப் பணி மருத்துவர்களிடம் இன்னும் கவனம் தேவை. நீட் முதுநிலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஓரிரு மாதம் பணிக்கு வருபவர்கள் அவர்களில் பலர்; அடிக்கடி மாறுவார்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பியவர் இங்குத் தகுதித் தேர்வில் தேறிப் பதிவு பெறும் வரை நோயாளிக்குச் சிகிச்சை அளிக்க முடியாது. ஆள் கிடைக்கவில்லை என்று மனிதவளப் பிரிவு யாரையாவது இரவில் அமர்த்தினால், பதில் சொல்ல வேண்டியவர் இயக்குநர். பணிப் பட்டியலில் பதிவு எண் இல்லாத பெயர் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதை விதிவிலக்கில்லாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

செயல் அனுமதிக்கு ஒவ்வொரு துறைக்கும் ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். பொது அறுவைத் துறையை எடுத்துக்கொண்டால், குடல்வால் நீக்கம், குடலிறக்கம், பித்தப்பை, தைராய்டு, பெருங்குடல் புற்று, எடைக்குறைப்பு அறுவை என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'தனித்துச் செய்யலாம்', 'மூத்தவர் உடனிருக்கச் செய்யலாம்', 'அனுமதி இல்லை' என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். மருத்துவரே முதலில் நிரப்பட்டும். பெரும்பாலானோர் நேர்மையாகவே நிரப்புவார்கள். அதைத் துறைத் தலைவரும் மயக்கவியல் நிபுணர் ஒருவரும் வெளியிலிருந்து வரும் அதே துறை நிபுணர் ஒருவரும் இருக்கும் சிறு குழு பார்த்துப் பரிந்துரைக்க, இயக்குநர் கையெழுத்திட வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அந்த இடைக்காலத்தில் செய்த எண்ணிக்கையையும் விளைவுகளையும் வைத்துப் புதுப்பிக்க வேண்டும். பட்டியல் கணினியிலோ சட்டகமிட்டோ அறுவை அரங்கில் இருக்க வேண்டும். அரங்கப் பொறுப்புச் செவிலியர் அதைப் பார்த்து, 'ஐயா, இது உங்கள் பட்டியலில் இல்லை' என்று சொல்லத் துணிவார் என்றால் முறை வேலை செய்கிறது. அந்தச் செவிலியர் மறுநாள் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார் என்றால், அவரைத் திரும்பக் கொண்டுவருவது இயக்குநரின் அன்றைய முதல் வேலை.

புதிய சிகிச்சை முறைகளில்தான் உரசல் வரும். வார இறுதிப் பயிலரங்கு ஒன்றில் கலந்துகொண்டு திரும்பிய மருத்துவர் அடுத்த வாரமே அதைச் செய்ய விரும்புவார். நிர்வாகமும் விளம்பரப் பலகை அடித்து வைத்துவிடும். எங்கே பயின்றார், தம் கையால் எத்தனை செய்தார், முதல் சிலவற்றுக்கு வழிகாட்டி ஒருவர் வருவாரா, சிக்கல் நேர்ந்தால் கைகொடுக்கும் துறை நம்மிடம் உண்டா, இரத்த வங்கியும் தீவிர சிகிச்சைப் படுக்கையும் தயாரா என்ற கேள்விகளுக்கு எழுத்தில் விடை வந்த பிறகே அனுமதி. முதற்கட்டத்தின் முடிவில் விளைவுகளைப் பார்த்து நிரந்தரமாக்கலாம்.

நாளொன்றுக்கு மூன்று நான்கு மருத்துவமனைகளுக்குப் போய்வரும் கன்சல்டன்ட்கள் நம் ஊர் ஏற்பாட்டின் தனிச் சிக்கல். மாலையில் அறுவை முடித்துவிட்டு அவர் அடுத்த மருத்துவமனைக்குப் போய்விடுகிறார். இரவில் நோயாளியின் இரத்த அழுத்தம் இறங்கினால் பார்ப்பவர் இளம் பணி மருத்துவர். ஆகவே ஒவ்வொரு வருகை மருத்துவரும் தமக்கு மாற்றாக அதே துறை மருத்துவர் ஒருவரைப் பெயர் குறிப்பிட்டுத் தர வேண்டும். சேர்க்கப்பட்ட நோயாளியை எத்தனை மணி நேரத்துக்குள் நேரில் பார்க்க வேண்டும் என்பது எழுதப்பட வேண்டும். தொலைபேசியில் சொன்ன உத்தரவுகளில் மறுநாள் கையெழுத்திட வேண்டும். இதற்கு ஒப்பாதவர் எவ்வளவு புகழ் பெற்றவராயினும் அவருக்குச் சேர்க்கை உரிமை தரலாகாது. நிர்வாகத்தோடு இயக்குநருக்கு முதல் மோதல் இந்தப் புள்ளியில் வரும் என்று எதிர்பார்த்தே இருங்கள்.

இறப்புகளைப் படிப்பது

மருத்துவமனையில் நிகழும் ஒவ்வோர் இறப்பின் கோப்பையும் இயக்குநர் ஒரு வாரத்துக்குள் படிக்க வேண்டும். பெரும்பாலானவற்றில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. முதுமையும் முற்றிய நோயும் காரணமாக இருக்கும். மீதிச் சிலவற்றை மாதாந்திரக் கூட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை: நிலை மோசமாவதற்கான அறிகுறி முதன்முதலில் எப்போது பதிவாயிற்று, அதை யார் பார்த்தார், மூத்த மருத்துவர் எப்போது அழைக்கப்பட்டார், எப்போது வந்தார். நாடித் துடிப்பும் மூச்சு வேகமும் நான்கு மணி நேரமாக ஏறிக்கொண்டிருந்ததைச் செவிலியர் ஒழுங்காக எழுதி வைத்திருப்பார். யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்கு ஒருவரைக் குற்றம் சாட்டுவதைவிட, இந்த எண்ணிக்கையைத் தாண்டினால் செவிலியரே தீவிர சிகிச்சை மருத்துவரை நேரடியாக அழைக்கலாம் என்று விதி மாற்றுவது பயன் தரும்.

கூட்டக் குறிப்பு நீதிமன்றம் கேட்டால் கொடுக்கத்தக்கதாக இருக்கட்டும்: நடந்தது, கண்டறிந்தது, மாற்றியது என்ற மூன்றும் போதும். தாய் இறப்பு நேர்ந்தால், தனியார் மருத்துவமனையாயினும் அது அரசின் தாய் இறப்புத் தணிக்கையில் சேரும். தணிக்கைக்கு அழைப்பு வரும் முன்பே உள் ஆய்வை முடித்துவிட வேண்டும். இறப்பு ஆய்வோடு, திட்டமிடாமல் மீண்டும் அரங்குக்குக் கொண்டுபோனவை, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 48 மணி நேரத்துக்குள் திரும்பியவை, அறுவைப் புண் தொற்று ஆகியவற்றையும் துறைவாரியாக எண்ணி வைக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் இன்று எல்லா அரங்கிலும் இருக்கிறது. பல இடங்களில் அறுவை முடிந்த பிறகு அதை மொத்தமாக நிரப்புகிறார்கள் என்பதை அறிய, அறிவிக்காமல் ஒரு காலை அரங்கில் போய் நின்றால் போதும்.

புகாரும் கோப்பும்

1995-இல் வி.பி. சாந்தா வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு கட்டணம் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வந்துவிட்டது. 2004-இல் சவிதா கார்க் வழக்கில், சிகிச்சை அளித்த மருத்துவரைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை என்பதற்காகப் புகாரைத் தள்ள முடியாது, கவனக்குறைவு இல்லை என்று காட்டும் சுமை மருத்துவமனைக்கே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. வருகை மருத்துவர் செய்ததற்கு நாங்கள் என்ன செய்வோம் என்ற வாதம் அத்துடன் வலுவிழந்தது. ஒப்புதல் பற்றிய 2008-ஆம் ஆண்டின் சமீரா கோலி தீர்ப்பைத் தம் அறுவை மருத்துவர்களோடு உட்கார்ந்து இயக்குநர் ஒரு முறை பேசிவிட வேண்டும். நோயறியும் உள்நோக்கிச் சோதனைக்குத் தந்த ஒப்புதல் கருப்பையை அகற்றுவதற்கான ஒப்புதல் ஆகாது என்பது அதன் சாரம். வெற்றுப் படிவத்தில் சேர்க்கையின்போதே கையெழுத்து வாங்கி வைக்கும் வழக்கத்தை அது தாங்காது.

நோயாளி தம் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளர் ஆவணங்களை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. வழக்குத் தொடர்பானவற்றை வழக்கு முடியும் வரை வைத்திருக்க வேண்டும். புகார் வந்த அன்றே மூலக் கோப்பின் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண்ணிட்டுப் பூட்டி வைப்பது, மருத்துவர்களைக் காப்பதற்கான மிக எளிய வழி. பிறகு 'திருத்த' முயன்றவர்களால்தான், காப்பாற்றத்தக்க வழக்குகளும் தோற்றிருக்கின்றன.

இறப்புக்குப் பின் உறவினர் கூட்டமாக வந்து நிற்கும் நேரத்தில், மக்கள் தொடர்பு அலுவலரை அனுப்பாமல் இயக்குநரும் சிகிச்சை அளித்த மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். வீட்டில் மூத்தவர் யார் என்று கேட்டு, அவரை அறைக்குள் அழைத்து, தண்ணீர் கொடுத்து, நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். கட்டணப் பாக்கி பற்றி அப்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. வன்முறையாக மாறினால், மருத்துவப் பணியாளரைத் தாக்குவதைப் பிணையில் விட முடியாத குற்றமாக்கிய 2008-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ்ப் புகாரை நிறுவனமே கொடுக்க வேண்டும், அடிபட்ட இளம் மருத்துவரைத் தனியாகக் காவல் நிலையத்துக்கு அனுப்பக் கூடாது.

நேரத்தைப் பங்கிடுவது

நூறு படுக்கைகளுக்கு மேல் இருந்தால் இது முழு நேர வேலை. வாரத்தில் ஓரிரு அரைநாள் தம் துறை நோயாளிகளைப் பார்ப்பது நல்லதே. கை பழக்கம் விட்டுப்போகாது, மற்றவர்களிடம் மதிப்பும் குறையாது. காலையில் தீவிர சிகிச்சைப் பிரிவையும் அவசரப் பிரிவையும் சுற்றி வந்த பிறகே அறையில் உட்காருவது, வாரம் ஒரு முறை இரவு பத்து மணிக்குப் பிறகு வருவது என்ற இரண்டு பழக்கங்களை முதல் மாதத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் தனியார் காப்பீட்டிலும் முன் அனுமதிக்குப் போகும் கோப்புகளில் சிலவற்றை எடுத்து, எழுதப்பட்ட நோயும் செய்த சிகிச்சையும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். தவறான பதிவு கண்டுபிடிக்கப்பட்டால் திட்டத்திலிருந்து விலக்கப்படுவது மருத்துவமனை முழுவதும்.

முதல் மூன்று மாதங்களில் பெரிய மாற்றம் எதையும் அறிவிக்க வேண்டாம் என்பது என் கருத்து. உயிருக்கு ஆபத்தானவை மட்டும் விதிவிலக்கு. அந்தக் காலத்தில் எல்லா உரிமங்களின் மூலப் படிகளையும் பார்த்து, முந்தைய இயக்குநர் காலத்தில் நிலுவையிலுள்ள புகார்களையும் வழக்குகளையும் எழுத்தில் பெற்று, தாம் பொறுப்பேற்ற தேதியைக் குறித்துக் கையெழுத்திட வேண்டும். தொழில்சார் பொறுப்புக் காப்பீடு நிர்வாகப் பொறுப்புக்கும் பொருந்துமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். வழக்கமான மருத்துவர் காப்பீடு சிகிச்சையோடு நின்றுவிடலாம்.

விலகும்போதும் இதே கவனம் வேண்டும். பதவி விலகல் கடிதத்தை நிர்வாகம் ஏற்றுக்கொண்டதோடு வேலை முடிந்துவிட்டதாக எண்ணுபவர்களின் பெயர், ஸ்கேன் பதிவிலும் மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அனுமதியிலும் மார்ஃபின் உரிமத்திலும் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. தம் பெயர் இருக்கும் ஒவ்வொரு பதிவின் அலுவலகத்துக்கும், இன்ன தேதி முதல் தாம் பொறுப்பில் இல்லை என்று பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்பி, ஒப்புகைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். கருப்பாலினத் தடைச் சட்டத்தின் கீழ் மாற்றத்தை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பதால் அந்தக் கடிதம் முதலில் போக வேண்டும். அடுத்து வருபவருக்கு உரிமங்களின் பட்டியல், செயல் அனுமதிப் பட்டியல், நிலுவைப் புகார்கள் ஆகிய மூன்றையும் நேரில் ஒப்படைத்து, இருவரும் கையெழுத்திட்ட பிரதி ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.